கர்னல் துரை மண்டியிட்ட கதை

1932 மார்ச் 7, திங்கள்

துரைசாணி இன்று அழுதார். யாரும் சாகவில்லை. அவர் எழுதும் கதையின் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு லெஃப்டினன்ட் கப்பலேறும் அவசரத்தில் கையுறையை மறந்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். சொல்லிக்கொண்டே நடந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஐயோ, பாவம் அந்தப் பையன்" என்று மூக்கைச் சிந்தினார். அதுவும் கதைதான் என்று நினைத்து நான் டைப் அடித்துவிட்டேன்.

நான் பெர்ன்ஹில் பங்களாவுக்கு வேலைக்குப் போகத் தொடங்கி நான்கு மாதமாகிறது. காலை ஒன்பதுக்குக் கடைவீதியில் புறப்பட்டால் ஒன்பதரைக்கு அங்கே. துரைசாணியின் பெயர் ஹெஸ்டர் பெல்லாமி. லண்டன் பத்திரிகை ஒன்றில் மாதாமாதம் காதல் தொடர்கதை எழுதுகிறார். பாஸ்போர்ட்டில் வயது நாற்பத்தாறு, வாய்ச்சொல்லில் முப்பத்தொன்பது. அத்தாதான் எனக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார். ஊட்டியில் பாதி வெள்ளைக்காரிகளுக்கு அத்தா தைத்த கவுன்தான். அளவெடுக்கும்போது துரைசாணி டைப்பிஸ்ட் கிடைக்கவில்லை என்று புலம்ப, ஊசியை வாயில் வைத்துக்கொண்டே அத்தா, எம் மக கான்வென்டில் படிச்சவ, மிஷின் அடிப்பா என்றிருக்கிறார்.

வேலை எளிது, ஒன்றைத் தவிர. துரைசாணிக்குக் கற்பனைப் பெயர்களை வைத்துக்கொண்டு எழுத வராது. கோபமும் வராதாம், காதலும் வராதாம். அதனால் முதல் பிரதியில் எல்லாம் ஊட்டியில் உலாவுகிற நிஜப் பெயர்கள். நல்ல பிரதி அடிக்கும்போது நான் மாற்ற வேண்டும். சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறேன். கர்னல் விட்லாக் என்றால் ஜெனரல் பிம். டங்கன் துரை என்றால் காப்டன் லோரிமர். இப்படிப் பதினேழு பேர்.

மார்ச் 8

"பாவம் அந்தப் பையன்" நீக்கப்பட்டது. கையுறை மட்டும் இருக்கிறது.

மார்ச் 19, சனி

இன்று எழுத்து ஓடவில்லை. ஓடாத நாட்களில் துரைசாணி தன் வாழ்க்கையைச் சொல்வார். அது கதையைவிட நன்றாக இருக்கிறது.

முதல் கணவர் ஒரு பிரபுவின் இரண்டாம் மகன். லண்டனில் இவர்கள் இருவரும் போகாத விருந்து இல்லை, இவர் தொப்பியின் படம் வராத பத்திரிகை இல்லை. அப்புறம் அவர் வேறொருத்தியோடும் விருந்துக்குப் போகத் தொடங்கினார். விவாகரத்து. இரண்டாவது, ஒரு ஓவியர். பதினான்கு மாதம். மோட்டார் பந்தயத்தில் போய்ச் சேர்ந்தார். நடுவில் ஒரு கவிஞர், ஒரு பாதிரியாரின் தம்பி, பெயர் சொல்லக்கூடாத ஒருவர். யாரையும் திட்டவில்லை. "எல்லாரும் நன்றாக நடனமாடுவார்கள், சுரையா. அதுதான் சிக்கல்" என்றார்.

பிறகு என்னைக் கேட்டார். எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? இருபதில் நிக்காஹ். பாலக்காட்டு மர வியாபாரி. மூன்று வருஷம். அப்புறம் ரிஜிஸ்டர் தபாலில் ஒரு காகிதம், மூன்று வரி. இப்போது எனக்கு இருபத்தேழு.

 துரைசாணி, தன்னுடைய விவாகரத்துக்கு இரண்டு வருஷமும் மூன்று வக்கீலும் ஒரு ஹோட்டல் வேலைக்காரியின் சாட்சியும் வேண்டியிருந்தது என்றார். "உன் ஆள் சுருக்கமாக எழுதத் தெரிந்தவன்."

நான் சிரித்துவிட்டேன். அந்தக் காகிதத்தை நினைத்து முதல் தடவையாக.

ஒரு வேடிக்கை. விவாகரத்தானவர் என்பதால் துரைசாணிக்கு கவர்னர் மாளிகை விருந்துக்கு அழைப்பு வராதாம். இங்கே என் மரியம் பீவி மாமி — அத்தாவின் அக்கா — எனக்கு இரண்டாவது மாப்பிள்ளை தேடிக் குன்னூர் வரைக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார். சாம்ராஜ்யத்தில் துரைசாணிக்குக் கதவு சாத்தியிருக்கிறது. எனக்குச் சாத்தவே விடமாட்டேன் என்கிறார்கள்.

ஏப்ரல் 12, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்றால் கர்னல் விட்லாக். அறுபது வயது, ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஒன்பது வருஷம். மற்றவர்கள் பூங்கொத்து கொண்டுவருவார்கள். இவர் தன் தோட்டத்துக் காய்கறி. போன வாரம் முட்டைக்கோசு. இன்று ஒரு பூக்கோசு, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும். துரைசாணி அதை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் பியானோ மேல் வைத்தார்.

வெள்ளிக்கிழமைக்கு டங்கன் துரை. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சின்ன மானேஜர். முப்பத்துநாலு வயது, மோட்டார் சைக்கிள், நல்ல குரல், அதைவிட நல்ல பல். அவர் வரும் நாளில் துரைசாணி மூன்று முறை உடை மாற்றுகிறார்.

பட்லர் செல்லக்கண்ணு பதினெட்டு வருஷமாக வெள்ளைக்காரர் வீடுகளில் இருப்பவர். அவரிடம் கேட்டேன், யார் ஜெயிப்பார் என்று.

"காய்கறி கொண்டாற தொரைய நம்பலாமுங்க. பாட்டுப் பாடற தொரை சாப்பிட்டுட்டுப் போயிருவாரு."

மே 20, வெள்ளி

மலர்க் கண்காட்சி. துரைசாணி மாலை நான்கு மணிக்கு வந்தார், தொப்பி கோணி, ஒரு கையுறை காணாமல். உட்காரக்கூட இல்லை. "மிஷினில் தாள் போடு" என்றார்.

கர்னல் துரை டேலியா கூடாரத்துக்குப் பின்னால் ஈரப் புல்லில் மண்டியிட்டுக் கல்யாணம் கேட்டிருக்கிறார். கேட்டது சரி. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பழைய சண்டையில் குண்டு பட்ட முழங்கால் அப்படியே பூட்டிக்கொண்டது. தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்களாம்.

சொல்லச் சொல்ல அடித்தேன். கதாநாயகி "மணி குலுங்குவதுபோல்" நின்று சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு எழுத்து பிசகியது.

நிஜத்தில் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாராம்.

மே 21

துரைசாணியின் பாவாடையைச் சரிபண்ண அத்தா வாங்கி வந்தார். விரித்துப் பார்த்தவர், "சேறு ஓரத்துல இல்லையேம்மா. ரெண்டு முழங்காலுலயும் இருக்குது" என்றார்.

நின்று சிரித்தவருக்கு முழங்காலில் ஏன் சேறு? 

மே 22, ஞாயிறு

மாமியின் ஆள் குன்னூரிலிருந்து செய்தி கொண்டுவந்தாயிற்று. நூர் அகமது. ரொட்டிக் கடை வைத்திருக்கிறார், வர்க்கிக்குப் பேர்போன கடை. மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை, முப்பத்தாறு வயது. எல்லாம் பொருத்தம் என்று மாமி சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ரொம்பச் சாதாரணமாக, அவர் தாயார் பாத்திமுத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார்களாம் என்றார். வெள்ளைக்காரி வீட்டுக்குப் போகிற வேலையை நிறுத்திவிட வேண்டும்.

நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அத்தா என்னைப் பார்க்கவில்லை.

"உன்னைய என்ன கல்லு உடைக்கவா கூப்புடறாங்க? ஊட்ல இருக்கத்தான புள்ள சொல்றாங்க" என்றார் மாமி.

ஊட்ல இருக்கத்தான். இருந்தேனே மூணு வருசம். ஒரு காயிதம் வந்து போன்னு சொல்லுச்சு. இப்ப என் கையில ஒரு வேலை இருக்குது, என் பேரைச் சொல்லிக் கூப்புடற ஒரு எடம் இருக்குது. அதையும் வெச்சுட்டு வரணுமா? ரொட்டிக்காரர் நல்லவராவே இருக்கட்டும். அதுக்கு?

மே 23, திங்கள்

கப்பல் தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று துரைசாணி பறந்தார். முழு அத்தியாயத்துக்கும் நல்ல பிரதி அடித்தேன். தலைக்குள் ரொட்டிக் கடை. என்ன அடித்தேன் என்றே நினைவில்லை. துரைசாணி பக்கத்துக்குப் பக்கம் பார்த்துக் கையெழுத்து வைத்தார், செல்லக்கண்ணு தபாலாபீசுக்கு ஓடினார்.

ஜூன் 30, வியாழன்

மழை. கண்காட்சிக்குப் பிறகும் கர்னல் செவ்வாய்தோறும் வருகிறார், ஒன்றுமே நடக்காததுபோல். பதிலைக் கேட்பதில்லை. துரைசாணியும் சொல்வதில்லை. நேற்று முன்தினம் நூல்கோல்.

இன்று நூர் அகமது அத்தா கடைக்குக் கோட்டுத் தைக்க வந்தார். நான் திரைக்குப் பின்னால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அத்தா ஒரே கையை மூன்று முறை அளந்தார். அளக்கிறவருக்கும் ஞாபகம் இல்லை, அளவு கொடுக்கிறவருக்கும் இல்லை. குரல் நிதானமாக இருக்கிறது. காதோரம் மாவு ஒட்டியிருந்தது. பெண்வீட்டுக்கு வருகிற நாளில்கூடவா?

பதில் சொல்ல நானும் அவகாசம் கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் இப்போது இரண்டு பெண்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 24, புதன்

பத்திரிகை வந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஜெனரல் பிம் என்று இருக்க வேண்டிய இடத்தில் — ஒரே ஒரு இடத்தில், ஆனால் அந்த இடத்தில் — "கர்னல் விட்லாக் முழங்காலில் நின்றார்; முழங்காலிலேயே நின்றார்."

நான்தான். பெட்டியைத் திறந்து கார்பன் காப்பியைப் பார்த்தேன். நான்தான்.

ஆகஸ்ட் 27, சனி

கிளப்பில் ஏழு பிரதி இருக்கிறதாம். ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தில் தானாகத் திறக்கிறதாம். செல்லக்கண்ணு கொண்டுவரும் செய்தி. கர்னல் உள்ளே வந்ததும் ஒரு இளைஞன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எழுந்திருக்க ஆள் வேண்டுமா, சார்?" என்றிருக்கிறான். கர்னல் திரும்பி நடந்துவிட்டார். அதன்பின் வரவில்லை.

பங்களாவில் கணப்பு மேடையில் வரிசையாக நிற்கும் அழைப்பு அட்டைகள் இப்போது இரண்டு. ஒன்று பல் டாக்டர் அனுப்பிய நினைவூட்டல்.

டங்கன் துரை நேற்று வெள்ளிக்கிழமை வரவில்லை. கடிதம் வந்தது. கம்பெனிப் பெரியவர்கள் கொஞ்சம் பழைய காலத்து மனிதர்களாம், கொஞ்ச நாள் போகட்டுமாம். துரைசாணி உரக்கப் படித்துவிட்டு, "மூன்று எழுத்துப்பிழை" என்றார். போட்டிருந்தது பச்சைப் பட்டு. மாற்றிக்கொள்ளவே இல்லை, பகல் முழுக்க அதிலேயே இருந்தார்.

பெயர் எப்படி வந்தது என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன். ஏன் கேட்கவில்லை?

செப்டம்பர் 3, சனி

இரண்டு சீமாட்டிகள் அத்தாவிடம் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நேற்று இன்னொருவர். காரணமும் சொல்லிவிட்டார்கள். அளவெடுக்கும்போது பேசுவதெல்லாம் டெய்லர் மகள் வழியாகப் பெர்ன்ஹில்லுக்குப் போகிறதாம், அங்கிருந்து லண்டனுக்குப் போகிறதாம்.

அத்தா எதையும் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷம் ஊசியை வாயில் வைத்திருந்த மனிதர். இன்று வெறும் கையோடு கடை வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனாப் போகுது. கண்ணுக்கும் ஓய்வு வேணுமில்ல" என்றார்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 5, திங்கள்

கார்பன் காப்பியை மேசையில் வைத்து, நான்தான் பெயரை மாற்ற மறந்தேன், கர்னலிடம் என் பெயரைச் சொல்லுங்கள், ஆனால் என் அத்தாவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எல்லாரிடமும் சொல்லுங்கள் என்றேன். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம், வழியெல்லாம் மனப்பாடம் செய்தது.

துரைசாணி காகிதத்தைத் தொடவில்லை. "எனக்குத் தெரியும். கையெழுத்து வைக்கும்போது பார்த்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பிம் என்று போட்டால் அந்த வாக்கியம் நொண்டியது, சுரையா. விட்லாக் என்றால் சரியாக விழுந்தது. விட்டுவிட்டேன்."

பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளாக நான் சோறு இறங்காமல் இருக்கிறேன். என் மனப்பாட ஆங்கிலமெல்லாம் எங்கோ போய்விட்டது. தமிழ்தான் வந்தது.

"எங்க அத்தா கை சும்மா கெடக்குதுங்க. வாசல்ல நின்னு மழையப் பாக்கறாரு. அந்தப் பெரியவரு கிளப்புக்குப் போகமாட்டேங்கறாரு. உங்களுக்கு ஒரு வரி நல்லா விழுந்துச்சு, அவ்வளவுதானுங்களே?"

செல்லக்கண்ணு தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று துரைசாணி அவரைக் கேட்டார். டீ ஆறிவிட்டது என்கிறாள் என்றார் அவர். துரைசாணி, சரியாகச் சொல் என்றார். செல்லக்கண்ணு தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் பட்லர் இங்கிலீஷில் ஒரு சொல் விடாமல் சொன்னார். "ஓல்டு டெய்லர், ரெயின் லுக்கிங்" என்று அவர் சொன்னபோது துரைசாணியின் முகம் சுருங்கியது. அவரைக் கிழவியாக இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் துப்பட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 8, வியாழன்

வேலைக்குப் போகவில்லை.

அத்தா கடைக்கு மத்தியானம் மூன்று துணிக்கட்டுகளும் திரும்பி வந்தன. நேற்று துரைசாணி கிளப் வராந்தாவில், டீ நேரத்தில், யாரும் உட்காரச் சொல்லாமலே நடுவில் நின்று, "பெயரை வேண்டுமென்றே விட்டது நான், டெய்லரும் அவர் மகளும் உங்கள் எல்லாரையும்விட வாய் கட்டியவர்கள்" என்று சொன்னாராம். பிறகு யாரும் பதில் சொல்லும் முன் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாராம். துணிக்கட்டு வந்ததற்கு அது மட்டும் காரணமா என்று தெரியாது. அத்தா மாதிரித் தோள் வெட்டத் தெரிந்தவர் இந்த மலையில் வேறு யாரும் இல்லை.

நாளைக்குப் போகலாம்.

செப்டம்பர் 13, செவ்வாய்

கர்னல் வந்தார். கையில் ஒன்றுமில்லை. அதைப் பார்த்ததுமே செல்லக்கண்ணு வருத்தப்பட்டார்.

டைப் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. நான் எழுந்துபோக வழியும் இல்லை. கேட்டேன், மறைக்க மாட்டேன்.

வழக்குப் போட வரவில்லை என்றார் கர்னல். பெயரைப் பற்றியும் இல்லையாம். அறுபது வயதில் ஊர் சிரித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

"நீ சிரிக்கவில்லை, ஹெஸ்டர். நீயும் என்னோடு சேற்றில் மண்டியிட்டாய். ஆள் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறதா என்று கேட்டாய். அதை ஏன் எழுதவில்லை?"

 ஆண்டவனே, ஏதாவது சொல்லுங்கள் என்று நான் இந்தப் பக்கம் வேண்டிக்கொண்டிருந்தேன்.  பிறகு பதினொரு நாவல் எழுதியவர், கொஞ்சமும் அழகில்லாத குரலில்:

"எழுதியிருந்தால் உங்களிடம் சரி என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். எனக்குப் பயமாக இருந்தது."

கர்னல் தொப்பியை எடுத்துக்கொண்டார். எழுதாமல் விட்டதையே மாட்டேன் என்ற பதிலாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். வாசலில் நின்று திரும்பி, "தோட்டக்காரர்கள் இரண்டு பேரல்ல. மூன்று பேர்" என்றார்.

செப்டம்பர் 26

கர்னல் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவலாஞ்சிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார். துரைசாணி செவ்வாய்க்கிழமைகளில் சூப் வேண்டாம் என்கிறார்.

அக்டோபர் 8, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

துரைசாணி வாடகைக் கார் பிடித்து அவலாஞ்சிக்குப் புறப்பட்டார். துணைக்கு நான். எனக்குத் துணையாக மரியம் பீவி மாமி. அந்த நிபந்தனையில்தான் அத்தா விட்டார். மாமி ஒவ்வொரு வளைவிலும் ஆண்டவனைக் கூப்பிட்டார், இரண்டு வளைவில் காரை நிறுத்தி வாந்தி எடுத்தார். துரைசாணி இறங்கி அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் மாமி அவரை "அந்த வெள்ளைக்காரி" என்று சொல்லவில்லை.

கர்னல் ஓடை நடுவில், இடுப்பளவு ரப்பர் பூட்சில், தூண்டிலோடு நின்றார். துரைசாணி கரையில் நின்று கூப்பிட்டார். தண்ணீர்ச் சத்தம். அவர் காதில் கை வைத்தார். துரைசாணி இன்னும் உரக்க, கேம்ப் சமையல்காரர்களும் குதிரைக்காரனும் திரும்பிப் பார்க்கும்படி, "என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?" என்றார்.

கர்னல் வெகுநேரம் பார்த்தார். பிறகு, யோசிக்கிறேன் என்றார்.

மாமி என் கையைச் சுரண்டினார். அந்த அம்மா என்ன கத்துறாங்க? சொன்னேன்.

"ஏம்புள்ள, இவங்க சம்பந்தம் பேசறதே இப்பிடி ஆத்துல நின்னுட்டுத்தானா?"

 திரும்பும் வழியில் மாமி தன் மடியிலிருந்த நெல்லிக்காயில் ஒன்றை எடுத்துத் துரைசாணியின் கையில் வைத்தார்.

அக்டோபர் 19

பதில் இல்லை. பதினெட்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி ஒரே பக்கத்தில் நான்கு தடவை ஜன்னலைப் பார்க்கிறாள். ஒன்றை நான் எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 25, செவ்வாய்

தோட்டத்துக் கேட் சத்தம். துரைசாணி மாடிப்படியில் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று முன்னால் வந்தது. பால்காரர்.

நவம்பர் 1, செவ்வாய்

கர்னல். பூக்கோசு.

செல்லக்கண்ணு அதைக் கையில் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் அங்கேயே ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். வெங்காயம் ஒன்றும் இல்லை.

கல்யாணத்தைச் சர்ச்சில் வைத்துச் செய்ய முடியாதாம், விவாகரத்து குறுக்கே நிற்கிறது. கர்னல் பாதிரியாரிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை, ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்தார்.

நவம்பர் 21, திங்கள்

கல்யாணக் கேக்குக்குத் துரைசாணி குன்னூருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். வேண்டுமென்றேதான். எந்தக் கடை என்று என்னிடம் சொல்லவில்லை. அளவு கேட்க நூர் அகமது நேராகவே வந்து சமையலறை வாசலில் நிற்கிறார், புதுக் கோட்டில். அத்தா தைத்தது, இரண்டு கையும் சரியான நீளம்தான்.

ஓடிப்போகலாமா என்று நினைத்தேன். அப்புறம் அவலாஞ்சி ஓடைக்கரை ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளைக்காரி தண்ணீர் மேல் கத்தலாம் என்றால் நான் செல்லக்கண்ணுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசக்கூடாதா?

"நான் வேலைய விடமாட்டேனுங்க. நிக்காஹ் ஆனாலும் டைப் அடிப்பேன். உங்களுக்குச் சம்மதம்னா எங்க அத்தாகிட்டச் சொல்லுங்க. இல்லீன்னா பொண்ணு சரியில்லைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டைப் அறைக் கதவின் இடைவெளி வழியாக மிஷினைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"அது எத்தனை எடை இருக்குமுங்க?"

"எதுக்குங்க?"

"குன்னூருக்கு ரயில்ல ஏத்தணுமில்லீங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

கேக் அளவு கேட்க மறந்துவிட்டுப் போய்விட்டார். செல்லக்கண்ணு பின்னாலேயே ஓடினார்.

டிசம்பர் 12, திங்கள்

ரிஜிஸ்திரார் ஆபீஸ். பதினைந்து நிமிஷம். வந்திருந்தது கர்னலின் பழைய சுபேதார் ஒருவர், பல் டாக்டர், செல்லக்கண்ணு, அத்தா, நான். கிளப்பிலிருந்து யாரும் இல்லை. துரைசாணி சாம்பல் நிறத்தில் கவுன் போட்டிருந்தார், அத்தா தைத்தது. வயது என்று கேட்டபோது கர்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாற்பத்தாறு" என்றார். கர்னல், தெரியும் என்றார்.

சாட்சிக் கையெழுத்து இரண்டு. சுபேதார் ஒன்று. இன்னொன்றுக்குத் துரைசாணி பேனாவை என்னிடம் நீட்டினார். சுரையா, ஹபீப் முகமது மகள். கொஞ்சம் கோணலாக விழுந்தது. டைப் அடித்தே பழகிய கை.

1933 பிப்ரவரி 9, வியாழன்

எனக்கு நிக்காஹ். துரைசாணி பெண்கள் பக்கத்தில் மாமிக்கு அருகில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. மாமியும் நானும் தூக்கினோம்.

மார்ச் 14

குன்னூர். மாமியார் பாத்திமுத்து மிஷின் சத்தம் தலைவலி என்று முதல் வாரம் சொன்னார். மூன்றாவது வாரம், இன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு என்று கேட்டார். எந்தப் பொண்ணு? "அதான், நீ தட்டறயே, அந்தக் கதையில வர்ற பொண்ணு." நேற்று வந்த அத்தியாயத்தைச் சொன்னேன். அவன் லட்சணம் எனக்கு முதல்லயே தெரியும் என்றார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

கர்னலும் துரைசாணியும் காலை ரயிலில் வந்தார்கள். வாசலில் இறங்கும்போதே சண்டை. குடை கொண்டுவரலாம் என்று யார் சொன்னது, வேண்டாம் என்று யார் சொன்னது. மழை பெய்யவும் இல்லை. என் வீட்டுக்காரர் சூடாக வர்க்கி கொண்டுவந்து வைக்க, கர்னல் எட்டு தின்றுவிட்டு, அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று இவரோடு பின்பக்கம் போனார். ஒருவருக்குத் தமிழ் வராது, ஒருவருக்கு இங்கிலீஷ் வராது. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துரைசாணி புது அத்தியாயத்தைக் கொடுத்தார். திருத்தங்களைச் சொன்னார். பிறகு ஜன்னல் வழியே ரயிலடியைப் பார்த்துக்கொண்டே, நேற்று மாலை பட்டாணிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது கர்னல் நிமிராமலே தன்னிடம் ஒன்று சொன்னார் என்றார். என் பக்கம் குனிந்து அதைச் சொன்னார். ஒரே வாக்கியம்.

பழக்க தோஷம், என் கை மிஷினுக்குப் போனது. துரைசாணி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். "இது வேண்டாம்" என்றார்.

அவர்கள் போனதிலிருந்து அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் வந்து என்ன சிரிப்பு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மாமியாரும் கேட்டார்.

இங்கேயும் எழுதப்போவதில்லை.